திருப்பியாச்சு

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவர்கள் இருவரும் செய்தது கைகள். விரல், காது, எப்போதாவது ஒரு மூக்கு என்று எல்லாம்தான் செய்வார்கள். ஆனால் அதிகம் கேட்டு வருவது கை. இயந்திரத்தில் போனது, விபத்தில் போனது, பிறக்கும்போதே இல்லாதது. போனதற்குப் பதிலாகச் சிலிக்கான் ரப்பரில் ஒன்று. அது எதையும் தூக்காது, எதையும் தேய்க்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டாவது தடவை உற்றுப் பார்க்காமல் இருந்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தம்.

பட்டறை ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. முன்னறையில் மூத்தவள், அதாவது பெரிய மகனின் மனைவி. ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் அவள் வசம். பின்னறையில் சின்னவள், இளைய மகனின் மனைவி. பிரின்டர், அச்சுகள், சாயக் குப்பிகள், தூரிகைகள் எல்லாம் அவள் ராஜ்ஜியம். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவரும், சுவரில் ஒரு சின்ன ஜன்னலும், ஜன்னல் கட்டையில் ஒரு பிளாஸ்டிக் தட்டும். அந்தத் தட்டில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். பேச்சு என்றால் சீட்டு. வாய்ப்பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது.

நின்றதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வாடிக்கையாளரிடம் மூத்தவள் சொன்னாளாம், "சின்னவ போடற நிறம் குளிர்பெட்டியில வெச்சு எடுத்த மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்." இது சுற்றிச் சுற்றிச் சின்னவள் காதுக்கு வந்தது. நிறம்தான் அவள் உயிர். தோலுக்குள் ஓடும் பச்சை நரம்பு, முட்டியில் மடிப்புக்குள் இருக்கும் கறுப்பு, நகத்தடியில் இருக்கும் இளஞ்சிவப்பு இவற்றையெல்லாம் ஒன்பது அடுக்காகப் போடுகிறவளைப் பார்த்து குளிர்பெட்டி என்றால்? அன்றோடு வாயை மூடினாள். மூத்தவளும் சளைத்தவள் இல்லை, அவளும் மூடினாள்.

இவர்களுக்கு மேலே மாமனார். முன்பு பல் செட் கட்டிக்கொண்டிருந்தவர், பிறகு கைக்கு மாறினார். கண் மங்கிக்கொண்டு வந்தது. மகன்கள் இருவருக்கும் இந்தத் தொழில் ஆகாது. பெரியவன் பஸ் ஓட்டினான், சின்னவன் வீட்டு மனை காட்டித் திரிந்தான். ஒருநாள் காலையில் மாமனார் ஜன்னலுக்கு நடுவில் நின்று, இரண்டு அறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாசக் கடைசியோட நான் ஒதுங்கிக்கறேன். ரெண்டு பேர்ல ஒருத்திதான் பொறுப்பு. மத்தவ அவ சொல்றதைக் கேட்டு வேலை செய்யணும். யாருன்னு நான் பாத்துச் சொல்றேன்."

பொறுப்புக்கு வருவதைவிட மற்றவள் வராமல் இருப்பதுதான் இருவருக்கும் முக்கியம். மூத்தவளிடம் போய் "இதை எப்படிச் செய்யட்டும் அக்கா" என்று கேட்டு நிற்கும் நாளை நினைத்தாலே சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதில் யார் நல்லவள் என்று யாரும் தேட வேண்டாம். சின்னவள் பக்கத்தில் நின்று பார்ப்பதால் அவள் நியாயம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. இடது கை போனவருக்கு இடது கை எங்கிருந்து கிடைக்கும்? இருக்கிற வலது கையை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் கண்ணாடியில் காட்டின மாதிரி ஒரு தடவை புரட்டிவிட்டால் இடது கை வந்துவிடும். ஒரே ஒரு தடவை. புரட்டாமல் விட்டால் வலது கையே வரும். இரண்டு தடவை புரட்டினாலும் வலது கையே வரும், முதல் புரட்டலை இரண்டாவது அடித்துவிடும். திரையில் இதற்கு இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு முக்கோணம் போட்டது, இடம் வலமாகவோ முன் பின்னாகவோ கேட்டபடி புரட்டும். வளைந்த அம்பு போட்டது, கையைக் கை மாறாமல் சும்மா சுற்றி நிறுத்தும், ஒரு அழுத்தலுக்குக் கால் சுற்று.

புரட்டுவது யார் வேலை என்று யாரும் வகுத்துவைக்கவில்லை. பேச்சு இருந்த காலத்தில் "அக்கா, புரட்டிட்டீங்களா?" என்று ஒரு குரல் போதும். பேச்சு போன பிறகு சீட்டு. மூத்தவள் சீட்டில் எழுதுவது ஒரே ஒரு வார்த்தை, "திருப்பியாச்சு."

இந்த வார்த்தைக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. வண்டியைத் திருப்புகிறோம், பக்கத்தைத் திருப்புகிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், இரவல் வாங்கின குடையைத் திருப்பிக் கொடுக்கிறோம். பக்கத்தைத் திருப்பினால் தாள் புரள்கிறது. வண்டியைத் திருப்பினால் புரளக் கூடாது, புரண்டால் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் எப்படியோ காலத்தை ஓட்டிவிட்டோம். கை செய்கிற பட்டறையில் ஓட்ட முடியாது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காது வந்தது. சீட்டில் "திருப்பியாச்சு." சின்னவள் அதைப் பிரின்டருக்கு அனுப்பும் முன் சும்மா ஒரு முறை வாடிக்கையாளரின் புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தாள். புரளவே இல்லை. மூத்தவள் வளைந்த அம்பை அழுத்திக் காதைச் சுற்றி மட்டும் வைத்திருந்தாள், அதற்கும் அதே வார்த்தையை எழுதியிருந்தாள். சின்னவள் தானே புரட்டிச் சரிசெய்தாள். செய்துவிட்டுச் சும்மா இருந்தாளா? நேரே போய் மாமனாரிடம் போட்டுக்கொடுத்தாள். மூத்தவளுக்கு அன்று நல்ல டோஸ். அதற்குப் பிறகு மூத்தவள் கவனமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் எழுதின எதையும் சின்னவள் அதற்குப் பிறகு நம்பவில்லை.

மாமனார் அப்படிச் சொன்ன பிறகு வந்த கை முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவருடையது. மோட்டார் சைக்கிளில் போனபோது லாரி உரசி இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. சீப்பு பிடித்த கை. விரல்களுக்குள் கம்பி வைத்து, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கை கேட்டிருந்தார், அதில் சீப்பைச் சொருகிக்கொள்வார். கடையைத் திங்கட்கிழமை திறப்பதாக நாள் குறித்துவிட்டார்.

புதன்கிழமை தட்டில் பென் டிரைவும் சீட்டும் வந்தன. "திருப்பியாச்சு." சின்னவள் திரையில் பார்த்தாள். விரல்கள் மேலே, மணிக்கட்டு கீழே, உள்ளங்கை முன்னால். தன் இடது கையைத் தூக்கித் திரைக்கு எதிரே ஒரு நொடி பிடித்திருந்தால் தெரிந்திருக்கும், மூத்தவள் ஒழுங்காகத்தான் புரட்டியிருக்கிறாள் என்று. சின்னவள் கையைத் தூக்கவில்லை. "இவ எழுதினதை நம்பி நான் ஏன் கெடணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே முக்கோணப் பொத்தானை அழுத்தினாள். மூத்தவள் இடம் வலமாகப் புரட்டியிருந்தாள். இவள் முன் பின்னாகப் புரட்டினாள். உள்ளங்கை பின்னால் போனது. சரி என்று பிரின்டரை ஓடவிட்டாள்.

வெள்ளைக் கை வந்தது. அதிலிருந்து அச்சு எடுத்து, கம்பி வைத்து, ரப்பர் ஊற்றி, உரித்து, சாயத்துக்கு உட்கார்ந்தாள். கடைக்காரரின் வலது கைப் புகைப்படத்தை எதிரே ஒட்டிவைத்துக்கொண்டாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் மண்டை காயும். புகைப்படத்தில் இடப்பக்கம் இருக்கும் மச்சத்தைக் கையில் வலப்பக்கம் வைக்க வேண்டும், நரம்பெல்லாம் எதிர்த்திசையில் ஓட வேண்டும். இந்த முறை எதையும் மாற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்தது பார்த்தபடி தூரிகையில் இறங்கியது. மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. இவ்வளவு அச்சாக ஒரு கை தனக்கு அமைந்ததே இல்லை என்று சின்னவள் பூரித்துப் போனாள். அமையாமல் என்ன செய்யும்? வலது கைப் படத்தைப் பார்த்து வலது கைக்கு அல்லவா சாயம் போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை கடைக்காரர் வந்தார். ஒல்லியான ஆள், கூர்மையான மூக்கு, யாரைப் பார்த்தாலும் முதலில் தலைமுடியைப் பார்க்கிற கண். மாமனார் பெட்டியைத் திறந்தார். கடைக்காரர் வலது கை விரலால் அதிலிருந்த மச்சத்தைத் தடவிப் பார்த்தார். மச்சத்தைக்கூட விடவில்லையே என்று அவர் நெகிழ்ந்துபோனதை ஜன்னல் வழியாகச் சின்னவள் பார்த்தாள். மூத்தவளும் முன்னறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாமனார் அதை அவருடைய கையில் மாட்டிவிட்டார். கடைக்காரர் கையைத் தொங்கவிட்டார். பிறகு குனிந்து பார்த்தார்.

"இது என்னங்க, கட்டை விரல் முதுகுப் பக்கம் போகுது."

"கொஞ்சம் திருப்பி மாட்டுவோம்," என்றார் மாமனார். திருப்பினார். கட்டை விரல் முன்னால் வந்தது. உள்ளங்கை தொடையை விட்டுவிட்டு வெளியே தெருவைப் பார்த்தது, யாரிடமோ பிச்சை கேட்கிற மாதிரி.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க," என்றார் கடைக்காரர், குரல் மாறியிருந்தது.

மாமனார் திருப்பினார், பாதியில் நிறுத்தினார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலுக்கு இடம் கிடைத்தால் உள்ளங்கைக்குக் கிடைக்கவில்லை, உள்ளங்கைக்குக் கிடைத்தால் கட்டை விரலுக்குக் கிடைக்கவில்லை. வலது கையை உலகத்தின் எந்த மூலைக்குக் கொண்டுபோய் எப்படிச் சுற்றினாலும் அது இடது கை ஆகாது. மாமனாருக்கு வியர்த்துவிட்டது.

கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய், மாட்டின கையைத் தூக்கிக் காட்டினார். "கண்ணாடியில மட்டும் சரியா இருக்கு. நான் கண்ணாடிக்குள்ள போய்க் கடை நடத்த முடியுமா?"

சின்னவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. தான் அழுத்தின பொத்தான் கண்முன்னால் வந்து நின்றது. அதற்குள் மாமனார் கையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இருவரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார்.

"பொறுப்பு பொறுப்புன்னு ரெண்டு பேரும் ஆலாப் பறந்தீங்க. இதுதான் பொறுப்பா? யார் பண்ணின கூத்து இது? தெரிஞ்சாகணும். பண்ணினது யாரோ, இந்தப் பட்டறை அவ கைக்குப் போகாது."

மூத்தவள் முந்திக்கொண்டாள். பேசினது மாமனாரிடம், கண் மட்டும் சின்னவளைக் குத்திக்கொண்டிருந்தது.

"நான் புரட்டித்தான் கொடுத்தேன் மாமா. சீட்டுல எழுதியும் இருக்கேன். எழுதினதுக்கு மேல மறுபடி புரட்டியிருக்கா. என்னை நம்பறதில்லைன்னு ஊருக்கே தெரியும். நான் தண்ணின்னு சொன்னா அதை மோந்து பாக்கறவ அவ."

"சீட்டை எடுத்துட்டு வா," என்றார் மாமனார்.

சின்னவள் எடுத்துவந்தாள். வழியில் நாலடி தூரம். அந்த நாலடிக்குள் என்ன சொல்வது என்று முடிவாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பட்டறை போகும். அது போனால்கூடப் பரவாயில்லை, அவளிடம் அல்லவா போகும்?

"'திருப்பியாச்சு'ன்னுதான் மாமா போட்டிருக்காங்க. புரட்டியாச்சுன்னு போடலையே. அன்னிக்கு அந்தக் காதுக்கும் இதையேதான் எழுதினாங்க. சும்மா சுத்தி வெச்சதுக்கு. நான் சீட்டை நம்பி எதையும் தொடலை. அவங்க புரட்டவே இல்லை, அம்புக்குறியை அழுத்திச் சுத்தி வெச்சிருக்காங்க. வேணும்னா நீங்களே பாத்துக்கோங்க. ஸ்கேன் பண்ணினதும் இருக்கும், கடைசியா பிரின்ட் பண்ணினதும் இருக்கும்."

இரண்டுக்கும் நடுவில் இருந்தது எதுவும் கம்ப்யூட்டரில் இருக்காது. மூத்தவள் எல்லா வேலையையும் ஒரே பெயரில் மேலே மேலே சேமிக்கிறவள், அடுத்தது முந்தினதை அழித்துவிடும் என்பது சின்னவளுக்குத் தெரியும்; பென் டிரைவில் இருந்ததன் மேல் அவளே சேமித்துவிட்டாள்.

மாமனார் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஸ்கேனில் உள்ளங்கை முன்னால். பிரின்ட்டில் உள்ளங்கை பின்னால். மற்றபடி அதே கை, அரைச் சுற்றுச் சுற்றி நிறுத்தின மாதிரி. வளைந்த அம்பை இரண்டு தடவை அழுத்தினால் எப்படி நிற்குமோ அப்படியே நின்றது.

"சுத்தித்தான் இருக்கு," என்றார் மாமனார் மெதுவாக. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தன் கையை வைத்து வரைந்து கத்தரித்தார். அதை மேசைமேல் இப்படியும் அப்படியும் தள்ளினார், சுற்றினார். "மேசையை விட்டு எடுக்காம என்ன பண்ணினாலும் இது இந்தக் கைதான். எடுத்துப் புரட்டினாத்தான் மத்தக் கை. இது புரளவே இல்ல, சுத்தியிருக்கு. பெரியவளே, என்ன சொல்றே?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னவளுக்கு உள்ளுக்குள் குதூகலம் பொங்கியது. ஏழு மாதமாக அவள் காத்திருந்தது அந்தத் திறந்த வாய்க்குத்தான்.

அப்போதுதான் கடைக்காரர் பேசினார். அவர் போயிருக்கலாம் என்று நினைத்து எல்லாரும் அவரை மறந்தே போயிருந்தார்கள்.

"பெரியவரே, உங்க குடும்பச் சண்டையில எனக்கு வேலை இல்ல. ஆனா நீங்க சொல்றது தப்பு." ஒற்றைக் கையால் மேசைமேல் இருந்த தாள் கையை எடுத்தார். "என் கடையில ஒரு மூலையில ரெண்டு கண்ணாடி சேருது. அந்த மூலை நாற்காலியில உக்காந்தா வகிடு மாறித் தெரியாது. நெஜத்துல எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே தெரியும். ஒத்தைக் கண்ணாடியில பழகினவங்க அங்க சீப்பை எடுத்தா தடுமாறிப் போயிடுவாங்க. ஒரு கண்ணாடி மாத்தும். ரெண்டாவது, அது மாத்தினதை மாத்திடும். கடைசியில ஆளைத் திருப்பி உக்கார வெச்ச மாதிரி இருக்கும்."

தாளை இடமிருந்து வலமாக ஒரு புரட்டுப் புரட்டினார். பிறகு மேலிருந்து கீழாக ஒரு புரட்டு. தாளில் அதே கை, விரல்கள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தன.

"பாத்தீங்களா? ரெண்டு தடவை புரட்டினாலும் சுத்தி வெச்ச மாதிரிதான் வரும். அந்தம்மா ஒண்ணு புரட்டி இந்தம்மா ஒண்ணு புரட்டியிருந்தாலும் இப்படித்தான் நிக்கும். இந்தக் கையைப் பாத்து நீங்க எதையும் சொல்ல முடியாது."

சின்னவளுக்கு அந்த ஆளை அப்படியே மாடிப்படியில் உருட்டிவிடலாமா என்று இருந்தது. முடி வெட்டுகிற ஆளுக்கு இவ்வளவு வியாக்கியானம் எதற்கு? மாமனார் தாளை வாங்கி, தானும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ கை சாட்சி சொல்லாது," என்றார். "நீங்கதான் சொல்லணும். பெரியவளே, புதன்கிழமை நீ எந்தப் பொத்தானை அழுத்தின?"

ஒரு வார்த்தை. "முக்கோணம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது ஆள்காட்டி விரல் காற்றில் எதையோ தேடியது. நேரம் ஆக ஆக அவள் முகத்தில் கோபம் வடிந்துகொண்டே வந்தது.

"அன்னிக்குப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துது மாமா. போனைத் தோள்ல இடுக்கிட்டு அழுத்தினேன். அழுத்தினேன்னு தெரியும். எதைன்னு..." கண்ணைத் திறந்தாள். "காதுக்கு ஒரு தடவை அப்படிப் பண்ணியிருக்கேன். அன்னிக்கும் புரட்டினேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இதுலயும் அப்படிப் பண்ணியிருப்பேனோ என்னவோ. அடிச்சுச் சொல்ல முடியல."

"சின்னவளே, நீ?"

"நான் தொடவே இல்ல மாமா."

தயங்கவில்லை, எச்சில்கூட விழுங்கவில்லை. புரட்டு என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. மூத்தவள் செய்தது ஒரு புரட்டு, சின்னவள் செய்தது இரண்டாவது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இப்போது சொன்னது மூன்றாவது. அதை அடிக்க இன்னொன்று இல்லாததால் அது அப்படியே நின்றுவிட்டது. எல்லாம் இடம் வலம் மாறிப்போனது.

மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மங்கின கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ. "தான் என்ன பண்ணினோம்னே தெரியாதவகிட்ட நான் எப்படிப் பட்டறையைக் கொடுக்கறது?" என்றார். "சின்னவ பாத்துக்கட்டும்."

கடைக்காரர் வாசலுக்கு நகர்ந்தார். "யார் பாத்துக்கிட்டாலும் சரி. எனக்கு இடது கை வேணும். திங்கக்கிழமை கடை திறக்கறேன்னு போர்டு எழுதித் தொங்கவிட்டுட்டேன். இப்போ அந்தப் போர்டைக் கழட்டக்கூட எனக்கு ஒரு கைதான் இருக்கு." அவர் படியிறங்கின சத்தம் கீழே டயர் கடை வரைக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன சின்னவள் ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சி என்று பெரிதாக ஒன்றும் வந்து அவளை அரிக்கவில்லை. காதுக்குச் செய்தவள்தானே, இதற்கும் செய்திருப்பாள், இன்னும் எத்தனையோ செய்வாள் என்று கணக்குப் போட்டு மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். கணக்கு சரியாகத்தான் வந்தது.

மறுபடி முதலிலிருந்து வேலை நடந்தது. பொறுப்பு இப்போது சின்னவளுடையது, அதனால் வேலையை வகுத்ததும் அவளே. இனி முன்னறையில் யாரும் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது, ஸ்கேனை அப்படியே கொடுக்க வேண்டும், புரட்டுவது பின்னறையில் மட்டும். இதை ஒரு தாளில் எழுதி ஜன்னல் பக்கத்தில் ஒட்டினாள். மூத்தவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். சொல்லப்போனால், அதற்கு நாலு பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். மூத்தவள் தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பென் டிரைவைத் தட்டில் வைத்தபின் எட்டிப் பார்த்து, "நான் எதையும் தொடல. நீயே ஒரு தடவை பாத்துக்கோ," என்று சொல்ல ஆரம்பித்தாள். ஏழு மாத மௌனத்தை அவள்தான் முதலில் உடைத்தாள், அதுவும் இப்படிப்பட்ட பேச்சுக்காக. அவள் விரல்கள் இப்போது மவுஸைத் தொடும் முன் கொஞ்சம் தயங்கின. பதினொரு வருஷம் வேலை செய்தவள், புதிதாக வந்தவளைப் போல ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தடவை பார்த்தாள்.

புதுக் கைக்குச் சின்னவள் சாயம் போடும்போது மச்சம் எதிர்ப்பக்கம் போனது, நரம்பு எதிர்ப்பக்கம் ஓடியது. மண்டை காய்ந்தது. மூன்று நாளுக்குப் பதில் நாலு நாள் ஆனது.

பதினோராம் நாள் கடைக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்தபோது அவர் முகம் கொஞ்சமும் இளகவில்லை. மாமனார் கையை மாட்டினார். கடைக்காரர் தொங்கவிட்டார். கட்டை விரல் முன்னால், உள்ளங்கை தொடைப் பக்கம். விரல்களை வளைத்துப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்துச் சொருகினார். சீப்பு நின்றது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, தன் தலையையே கொஞ்சம் வாரிப் பார்த்தார்.

"இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்," என்றார்.

சின்னவள் பொறுப்பில் இருக்கிறவள் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போது மூத்தவள் முன்னறையிலிருந்து எழுந்து வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கடைக்காரருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்குத் தப்பு என் பேர்லதாங்க. நான்தான் பொத்தானை மாத்தி அழுத்தியிருக்கேன். அது தெரியாம இவமேல பழியைப் போட்டுப் பேசிட்டேன். உங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல கடை போச்சு. மன்னிச்சிடுங்க." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள். "நீயும் மனசுல வெச்சுக்காத."

கடைக்காரர் மூத்தவளைப் பார்த்தார். அப்புறம் சின்னவளைப் பார்த்தார், வழக்கத்துக்கு மாறாகத் தலைமுடியைப் பார்க்காமல் நேரே கண்ணைப் பார்த்தார். சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மூத்தவள் அங்கேயே நின்றாள், ஒரு பதிலுக்காக. அவள் கண்ணில் பொய் இல்லை, குத்தல் இல்லை, நடிப்பு இல்லை. செய்யாத தப்பை முழுசாகச் செய்துவிட்டதாக நம்பி, செய்தவளிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். "சரிக்கா," என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சின்னவள் அதைச் சொல்லவில்லை. "போய் வேலையைப் பாருங்க," என்றாள்.

குளிர்பெட்டி என்று சொன்னபோது அவளைப் பிடிக்காமல் போனது. ஏழு மாதம் முகம் பார்க்காமல் இருந்தபோதும் அந்தப் பிடிக்காமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டு முன்னறைக்குத் திரும்பிப் போவதைப் பார்த்த அந்த நிமிஷத்திலிருந்துதான் சின்னவள் அவளை உண்மையாகவே வெறுக்கத் தொடங்கினாள்.